வெடிப்பொத்தைச் சுமைதாங்கி

கருவாடு நிறைந்த ஓலைக் கடவத்தைத் தலையில் வைத்துக்கொண்டு வெடிப்பொத்தை ஏற்றம் ஏறுகிறவளுக்கு எதிரே வருகிறவன் முகம் தெரியாது; கால்தான் தெரியும். அன்றைக்கு முத்துக்கனி முதலில் பார்த்தது செம்மண் அப்பிய ஒரு ஜோடி பூட்ஸை. பக்கத்தில் ஒரு இரும்புச் சங்கிலி நீளக் கிடந்தது. அதற்கும் அப்பால் ஒரு சுண்ணாம்பு வாளி.

"தள்ளி நில்லும் ஓய், கழுத்து ஒடியுது" என்று அவள் பூட்ஸைப் பார்த்துச் சொன்னாள்.

பூட்ஸ் தள்ளி நின்றது. முத்துக்கனி சுமைதாங்கிக்கு நேரே போய், முழங்காலைக் கொஞ்சம் மடக்கி, கடவத்தின் அடியைக் கல்லின் மேல் சரித்துவிட்டுத் தலையை வெளியே உருவிக்கொண்டாள். கழுத்தை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒடித்த பிறகுதான் கண் தெளிந்தது. பூட்ஸுக்கு மேலே, ரோடு போடும் மரமத்து இலாகாவின் ஓவர்சியர் ஜெபதாஸ் நின்றார். சுமைதாங்கியின் குறுக்குக் கல்லில், கடவத்துக்குக் கீழே, சுண்ணாம்பால் பெரிதாக ஒரு பெருக்கல் குறி போட்டிருந்தது.

"இது யாரு சாரே வரைஞ்சது?"

"நான்தான். கல்லை எடுக்கப் போறோம். ரோடு அகலமாகுது."

வெடிப்பொத்தை பெரிய மலை ஒன்றும் இல்லை. மண்டைக்காட்டுக் கடற்கரையிலிருந்து தக்கலைச் சந்தைக்குப் போகிற வழியில் முதுகு வளைத்துப் படுத்திருக்கும் ஒரு மேடு. ராஜா காலத்துப் பட்டாளம் அதன் மறுபக்கச் சரிவில் குறி வைத்துச் சுட்டுப் பழகியது. பட்டாளம் போன பிறகு கடற்கரைக்காரர்கள் வந்து மண்ணைக் கிளறி ஈயக்குண்டு பொறுக்கி வலைக்குக் கட்டிக்கொண்டு போவார்கள். இப்போது ராஜாவும் இல்லை, அந்தப் பட்டாளமும் இல்லை. எல்லாம் டெல்லிப் பட்டாளத்தோடு சேர்ந்தாயிற்று. டெல்லிப் பட்டாளத்துக்குப் பெரிய துப்பாக்கி. பெரிய துப்பாக்கிக்குப் பெரிய லாரி. பெரிய லாரிக்குப் பெரிய ரோடு.

"ரோடு வரட்டும். கல்லு என்ன செய்யுது உங்களை?"

"நடுவுல நிக்குதே, அம்மா." ஜெபதாஸ் கெட்டவர் இல்லை. நாகர்கோவில் டவுனில் வளர்ந்தவர். தொப்பியைத் தவிர வேறெதையும் தலையில் சுமந்தவர் இல்லை, அவ்வளவுதான். "பட்டாளத்துக் கேப்டன் கண்டிப்பா சொல்லியிருக்காரு. கோயிலோ, பள்ளிவாசலோ, கல்லறையோ இருந்தா கை வைக்கக்கூடாது, முதல்ல அவர்கிட்டச் சொல்லணும். இது கோயிலா?"

"இல்ல."

"யாரையாவது புதைச்சிருக்கா?"

"இல்ல."

"பின்னே?"

"சுமைதாங்கியாக்கும்."

"சுமைதாங்கியைப் பத்தி அவர் ஒண்ணும் சொல்லல்ல" என்று ஜெபதாஸ் சங்கிலியைச் சுருட்ட ஆரம்பித்தார்.

சுமையைத் தரையில் இறக்குவது யாருக்கும் முடியும். திரும்பத் தலையில் ஏற்றிவிட இன்னொரு ஆள் வேண்டும். அந்த ஏற்றத்தில் பனை உண்டு, ஓணான் உண்டு, கை கொடுக்க ஆள் கிடையாது. தனியாக நடக்கிறவளுக்கு அந்தக் கல்தான் இன்னொரு ஆள். அது இல்லாவிட்டால் கடற்கரையில் ஏற்றிய சுமையைத் தக்கலை வரைக்கும் இறக்காமல் கொண்டுபோக வேண்டும். ஒரு நாள் முடியும். தினமும் முடிந்தால் அவள் மனுஷி இல்லை, மாடு.

ஏற்றத்தின் பாதியில், சுமைதாங்கிக்கு எதிரே, பகவதியப்பனின் சாயக்கடை. அவன் வயிற்றுவலிக்காரன்; சுமை ஏற்றிவிடக் கூப்பிட்டால் வரமாட்டான். சுமை இறக்கி நிற்கிறவர்கள் குடிக்கிற சாயாவில்தான் அவனுடைய அடுப்பு எரிந்தது. திரும்பி வரும்போது முத்துக்கனி விஷயத்தைச் சொன்னதும் அவன் ஆற்றிக்கொண்டிருந்த சாயாவைப் பாதியில் நிறுத்திவிட்டான்.

"கோயில்னா கை வைக்கமாட்டானாமா?"

"அப்படித்தான் சொன்னாரு."

"அப்பம் கோயிலாக்கிருவோம்."

"எதை?"

"கல்லைத்தான். நிக்குது, பழசாயிருக்கு, பேரும் வெட்டியிருக்கு. இதுக்கு மேல ஒரு சாமிக்கு என்ன வேணும்?"

பெஞ்சில் உட்கார்ந்திருந்த தாணம்மாள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். கருப்பட்டிச் சுமை தூக்குகிறவள்; முத்துக்கனிக்கு இளையவள்; தலைப்பிள்ளை உண்டாகி வயிறு முன்னால் தள்ளிக்கொண்டிருந்தது. "யக்கா, நாம தினம் அவ தலையில கருவாடும் கருப்பட்டியும் வச்சிட்டு, இப்பம் கும்பிடப் போனா சிரிக்கமாட்டாளா?"

"நீ சும்மா கெட ஏட்டி" என்றாள் முத்துக்கனி. அவளுக்கு யோசனை பிடித்துவிட்டது.

கல்லில் வெட்டியிருந்த பேர் அழகியநாயகி. உப்புச் சுமக்கிற வீட்டுப் பெண். வயிற்றுப் பிள்ளையோடு செத்துப்போனாள். இறக்காத சுமையோடு போனவளுக்காக வழியில் ஒரு கல் நட்டால், நாலு பேர் அதில் சுமை இறக்க இறக்க அவள் பாரமும் குறையும் என்று வீட்டுக்காரர்கள் நட்டு வைத்தார்கள். எந்தக் காலம் என்று யாருக்கும் தெரியாது. பேர் மட்டும் எல்லோருக்கும் தெரியும்.

மறுநாள் விடிந்ததும் முத்துக்கனி தன் வீட்டு அம்மியில் அரைத்த மஞ்சளைச் சிரட்டையில் கொண்டுவந்தாள். பகவதியப்பன் பெண்டாட்டியின் சிவப்புச் சேலையைக் கொண்டுவந்தான். சுண்ணாம்புக் குறியைச் சுரண்டி, குறுக்குக் கல்லில் மஞ்சளை அப்பி, இரண்டு கால் கல்லையும் சேர்த்துச் சேலையைச் சுற்றினார்கள். அரளி மாலை போட்டார்கள். சூடம் கொளுத்தியதும், இது இப்படித்தான் காலம் காலமாக நின்றது என்று சத்தியம் பண்ணலாம் போல இருந்தது.

ஜெபதாஸ் வந்து பார்த்தார். தலையைச் சொறிந்தார். போய்க் கேப்டனைக் கூட்டிக்கொண்டு வந்தார்.

கேப்டன் வடக்கத்திக்காரர். ஜீப்பிலிருந்து குதித்தவர் சேலையைப் பார்த்ததும் பூட்ஸைக் கழற்றினார். முன்பு இருந்த ஊரில் தெரியாமல் ஒரு பழைய கல்லறை மேல் கக்கூஸ் கட்டிவிட்டார்களாம். ஊரே திரண்டு முகாமைச் சுற்றி வளைத்ததில் தண்ணீர் வண்டிகூட உள்ளே வர முடியவில்லையாம். அந்தத் தாகம் அவருக்கு இன்னும் மறக்கவில்லை என்று ஜெபதாஸ் பிறகு சொன்னார்.

கல்லைச் சுற்றிவந்த கேப்டன் இங்கிலீஷில் ஏதோ கேட்டார்.

"முகம் எங்கேன்னு கேக்குறாரு" என்றார் ஜெபதாஸ்.

"காட்டமாட்டா" என்றாள் முத்துக்கனி.

அதையும் ஜெபதாஸ் இங்கிலீஷில் சொன்னார். கேப்டன் மரியாதையோடு தலையாட்டினார். ரோட்டைக் கிழக்கே வளைக்கச் சொன்னார். லாரி மோதாமல் இருக்கக் கல்லைச் சுற்றி முள்கம்பி போடச் சொன்னார். ஒரு கேட்டும் பூட்டும் போட்டு, சாவியைப் பூசாரியிடம் கொடுக்கச் சொன்னார். பூசாரி யார் என்று கேட்டபோது பகவதியப்பன் முன்னால் வந்து நின்றான். வேறு யாரும் வரவில்லை என்பதால்தான் வந்தான். அப்போது அவன் மனசில் வேறொன்றும் இல்லை.

அன்றைக்குச் சாயக்கடையில் ஒரே கொண்டாட்டம். பட்டாளத்தையே வளைத்துவிட்டோம் என்று பகவதியப்பன் எல்லோருக்கும் ஓசியில் சாயா கொடுத்தான். முத்துக்கனி இரண்டு தம்ளர் குடித்தாள்.

முள்கம்பி வந்து இறங்கிய பிறகுதான் விஷயம் உறைத்தது.

கடவத்தோடு ஏறி வந்தவளுக்கு முன்னால் கேட் பூட்டியிருந்தது. "பகவதியண்ணே, சாவியை எடுத்துட்டு வாரும்" என்று கத்தினாள்.

அவன் குளித்து, நெற்றி நிறையத் திருநீறு பூசி வந்தான். "என்ன இருக்கு கடவத்துல?"

"என்ன இருக்கும்? நெத்திலிக் கருவாடு."

"கருவாட்டை அம்மன் மேல வைக்கச் சொல்லுதியா?"

"அம்மனா? நான் அரைச்ச மஞ்சளாக்கும் ஓய் அது!"

"உன் கையால அவ வாங்கிக்கிட்டா. அதுக்காவ?" பகவதியப்பன் குரலைத் தாழ்த்தினான். "விளையாட்டா நினைக்காதே முத்துக்கனி. எனக்கு வருஷக்கணக்கா இருந்த வயித்துவலி போயிட்டு. பொய் சொல்லல்ல."

பொய் இல்லைதான். பூசாரியான நாளிலிருந்து காலையில் வெறும் வயிற்றோடு கும்பிட்டு, முந்தின நாள் மிச்ச வடையைத் தின்பதை விட்டிருந்தான். வயிறு சும்மா இருக்குமா, சரியாகிவிட்டது. ஆனால் அதை அவனிடம் யார் சொல்லுவது? அதற்குள் ஒருத்தியின் பசு காளைக்கன்று போடாமல் கிடாரி போட்டது. இன்னொருத்தியின் மருமகள் கோபித்துக்கொண்டு போனவள் திரும்பி வந்தாள். செவ்வாய்க்கிழமை பொங்கல் பானைகள் வரிசையாக ஏறின. தக்கலையிலிருந்தெல்லாம் ஆள் வந்தது. வந்தவர்கள் சாயாவும் குடித்தார்கள்.

அழகியநாயகி தப்பிவிட்டாள். சுமை தூக்குகிறவர்கள்தான் மாட்டிக்கொண்டார்கள்.

ஜோடி சேர்ந்து நடந்து பார்த்தார்கள். ஒருத்திக்கு ஒருத்தி ஏற்றிவிடலாம். கடைசியில் இருக்கிறவளுக்கு யார் ஏற்றுவது? வெறுந்தலையோடு யாராவது வரட்டும் என்று காத்து நின்றதில் சந்தை பாதி கலைந்துவிட்டது. கல் பூட்டாமல் இருந்தபோது ஒருத்தி மற்றவள் முகத்தைப் பார்க்கத் தேவையில்லாமல் இருந்தது. இப்போது ஒருவருக்கொருவர் சண்டை. முத்துக்கனிக்கு ராத்திரி படுத்தால் கழுத்து தலையணையில் ஒட்டவில்லை.

ஒரு நாள் வளைவில் பட்டாள லாரி வந்தது. முன்னால் போன தாணம்மாள் ஒதுங்கினாள். ஒதுங்கின காலுக்கு முழங்கால் ஒத்துழைக்கவில்லை. அப்படியே மடங்கி உட்கார்ந்துவிட்டாள். பெட்டி கவிழ்ந்து, கருப்பட்டி பள்ளத்தைப் பார்த்து உருண்டு ஓடியது. முத்துக்கனி தன் கடவத்தை எங்கே போட்டாள் என்று அவளுக்கே தெரியாது. ஓடிப்போய்த் தாணம்மாளைத் தாங்கிப் பிடித்தாள்.

"மக்கா, வயிறு வலிக்கா? சொல்லு ஏட்டி!"

தாணம்மாள் இரண்டு கையாலும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அழுகை நடுவிலேயே நின்றது. "உதைக்கான் யக்கா" என்றாள். லாரியிலிருந்து குதித்த பட்டாளத்துக்காரர்கள் பள்ளத்தில் இறங்கிக் கருப்பட்டியைப் பொறுக்கிக் கொடுத்தார்கள். ஒருத்தன் ஒரு துண்டை வாயில் போட்டுக்கொண்டு, கொள்ளாம் என்கிற மாதிரிக் கட்டைவிரலைக் காட்டினான்.

அவர்கள் விழுந்து கிடந்த இடத்திலிருந்து பார்த்தால் சேலை கட்டிய சுமைதாங்கி தெரிந்தது. முள்கம்பிக்குள்ளே, பூட்டிய கேட்டுக்குள்ளே. வயிற்றுப் பிள்ளையோடு செத்தவளின் கல்லுக்கு முன்னால் இன்னொரு பிள்ளைத்தாய்ச்சி சுமையோடு விழுந்து கிடக்கிறாள். முத்துக்கனிக்கு அரைத்த மஞ்சள் மேல் அப்படி ஒரு ஆத்திரம் வந்தது.

நேராக ஜெபதாஸிடம் போனாள். ரோட்டு ஓரத்தில் கல் ஜல்லி அளந்துகொண்டிருந்தவரிடம் எல்லாவற்றையும் கொட்டினாள்: அழகியநாயகி யார், கல் எதற்கு, மஞ்சள் யார் அரைத்தது.

ஜெபதாஸ் தொப்பியைக் கழற்றினார். "செத்தவளுக்கு வச்ச கல்லா? இதை ஏன் அன்னைக்கே சொல்லல்ல?"

"புதைச்சிருக்கான்னு தானே கேட்டீரு? புதைக்கல்ல. இல்லன்னு சொன்னேன்."

"ஐயோ! செத்தவ ஞாபகத்துக்கு வச்ச பழைய கல்லுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, அப்பவே அதைக் காப்பாத்தியிருக்கலாமே. சாமி, சேலை, பூட்டு ஒண்ணும் வேண்டாம். ரோட்டு ஓரமா நிறுத்தி, நீங்க பாட்டுக்குச் சுமை இறக்கியிருக்கலாம்."

உண்மையே போதுமாக இருந்திருக்கிறது, பொய்தான் கூடுதலாகிவிட்டது.

"இப்பம் சொல்லும்" என்றாள் முத்துக்கனி.

"நானா? அம்மன்னு சொன்னதும் நான், இல்லன்னு சொல்றதும் நானா? கேப்டன் என்னைக் குறிபார்த்துச் சுடுவாரு." கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னார்: "செவ்வாய்க்கிழமை வளைவைப் பார்க்க வருவாரு. நீ வந்து சொல்லு. நீ சொல்றதை அப்படியே இங்கிலீஷ்ல சொல்லுறேன். கூட்டவும் மாட்டேன், குறைக்கவும் மாட்டேன்."

செவ்வாய்க்கிழமை கம்பியைச் சுற்றிப் பொங்கல் பானை, பெண்கள், புகை. ஜீப் வந்து நின்றது. அதே நேரத்துக்கு முத்துக்கனியும் கடவத்தோடு ஏறி வந்து கேட்டுக்கு முன்னால் நின்றாள். பின்னால் தாணம்மாள், அவளுக்குப் பின்னால் மற்றச் சுமைக்காரிகள்.

"திறவும்."

பகவதியப்பன் மணியும் கையுமாக வந்தான். "இன்னைக்கு வேண்டாம் முத்துக்கனி. நல்ல நாள். கருவாட்டை அந்தாண்ட கொண்டுபோ."

"நல்ல நாள்லதான் இறக்கணும். திறவும் ஓய். கழுத்து போகுது."

பானை வைத்த பெண்கள் ஒவ்வொருத்தியாகத் திரும்பினார்கள். "இவளுக்கு என்ன கேடு?" என்றாள் ஒருத்தி. கிடாரி போட்ட பசுவின் சொந்தக்காரி. "சாமி கண்ணைக் குத்தும்டி!"

முத்துக்கனி எதிரே வருகிறவர்களின் காலைத்தான் பார்த்தாள். மெட்டி போட்ட கால்கள். வெடித்த கால்கள். பூட்ஸ் கழற்றிய இரண்டு வெள்ளைக் கால்கள், அது கேப்டன். அவர் என்னவோ கேட்டார். ஜெபதாஸ் குரல் வந்தது: "என்ன வேணும்னு கேக்குறாரு. சொல்லு."

அது சாமி இல்லை என்று சொல்லத்தான் அவள் வந்தாள். வீட்டிலிருந்தே அதைத்தான் மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தாள். ஆனால் அந்தக் கால்களைப் பார்த்ததும் வாயில் அது வரவில்லை. இத்தனை பேர் பானை வைத்துவிட்டார்கள். சாமி இல்லை என்றால் இவர்கள் சும்மா விடுவார்களா? விட்டாலும், மறுநாள் ரோட்டுக்காரன் கடப்பாரையோடு வரமாட்டான் என்பதற்கு என்ன உறுதி? அதோடு, உண்மையைச் சொன்னால், அவளுக்கும் உள்ளுக்குள் ஒரு சின்னப் பயம் இருந்தது. அரைத்த கை தன்னுடையது என்றாலும்.

கடவத்தை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்தாள்.

"சாமிதான்" என்றாள். "யாரு இல்லன்னு சொன்னா? ஆனா எந்தச் சாமின்னு தெரியாண்டாமா? பேரு அழகியநாயகி. உப்புச் சுமந்த வீட்டுப் பொண்ணு. வயித்துப் பிள்ளையோட செத்தா. இறக்காத சுமையோட போனவளுக்குத்தான் இந்தக் கல்லை நட்டாங்க. நாம சுமையை இறக்கினாத்தான் அவளுக்குப் பாரம் குறையும். இவளுக்கு நேர்ச்சை பொங்கல் இல்ல, சுமையாக்கும். கம்பியைப் போட்டுப் பூட்டி அவளைத் திரும்பவும் சுமக்க வச்சிருக்கோம்."

ஜெபதாஸ் கூட்டாமல் குறைக்காமல் சொன்னார். கடைசியில் தன் பங்குக்கும் ஒன்று சேர்த்தார் போல. "என் தப்பு" என்பது மாதிரி நெஞ்சில் கை வைத்துக் காட்டினார்.

கேப்டன் மூக்கைக் கைக்குட்டையால் மூடிக்கொண்டு ஏதோ கேட்டார்.

"இந்த நாத்தம் அம்மனுக்குப் பரவாயில்லியான்னு கேக்குறாரு."

"அதைத்தான் நானும் சொல்லுகேன்!" என்று பகவதியப்பன் தாவி வந்தான். "சுமைன்னா சரி, கருப்பட்டி வை, தேங்கா வை. கருவாடு ஆகாது!"

முத்துக்கனி கடவத்தைப் பிடித்திருந்த ஒரு கையை எடுத்துப் பின்னால் நின்ற தாணம்மாளின் வயிற்றைக் காட்டினாள். "பகவதியண்ணே, மாசமா இருக்கவளுக்கு முதல்ல எது மேல ஆசை வரும்? சக்கரைப் பொங்கல் மேலயா?"

பானைகளுக்குப் பக்கத்திலிருந்து ஒரு சிரிப்பு கிளம்பியது. பகவதியப்பனின் பெண்டாட்டி. "மூத்தவனைச் சுமந்தப்பம் நான் என்ன கேட்டேன் உம்மகிட்ட? சாளைக் கருவாடு வாங்கித் தராம பத்து நாளு ஏய்ச்சீருல்லா?"

"எனக்கு நெத்திலி" என்றாள் இன்னொருத்தி.

"எனக்குச் சுட்ட வாளைக் கருவாடு. வாசனை வந்தாலே போதும்" என்றாள் பசுக்காரி. கொஞ்ச நேரத்துக்கு முன்னால் கண்ணைக் குத்தும் என்று சொன்னவள்.

பிள்ளை பெற்ற அத்தனை பேரும் சிரித்தார்கள். பகவதியப்பன் மணியைக் கையில் வைத்துக்கொண்டு யாரைப் பார்ப்பது என்று தெரியாமல் நின்றான். அவன் பிள்ளை பெற்றதில்லை. அந்த வழக்கில் அவனுக்கு வாய் கிடையாது.

"என்ன சிரிக்கிறாங்க?" என்று கேப்டன் கேட்டிருக்க வேண்டும். ஜெபதாஸ் சொல்ல முயன்று, அவரும் சிரித்துவிட்டார். பாதியைத்தான் கேப்டன் புரிந்துகொண்டார். பாதி போதுமாக இருந்தது. லாரி வருகிற பக்கத்துக் கம்பி மட்டும் இருக்கட்டும், மற்றதை எடுத்துவிடுங்கள், கேட் வேண்டாம் என்று கையை வீசினார். கல் நின்ற இடத்திலேயே நிற்கும், வளைத்த ரோடு வளைந்தபடியே இருக்கும் என்றும் சொன்னார்.

"அதெல்லாம் பிறகு. முதல்ல பூட்டைத் திறவும் ஓய்!" என்று முத்துக்கனி அலறினாள். "உசிரு போகுது!"

பகவதியப்பன் திறந்தான். முகத்தைத் தூக்கிக்கொண்டுதான் திறந்தான். பிறகு ரொம்ப நாள் அவளுக்குச் சாயாவில் சர்க்கரை குறைத்துப் போட்டான். அது வேறு கதை. முத்துக்கனி உள்ளே போய், மஞ்சள் அப்பிய கல்லுக்கு நேரே நின்று, முழங்காலை மடக்கி, கடவத்தைச் சரித்தாள். நெத்திலிக் கருவாட்டு உப்பு கொஞ்சம் சேலையில் உதிர்ந்தது. இடி இடிக்கவில்லை. ஒரு காக்காய்கூடக் கத்தவில்லை. அவள் தலையை வெளியே உருவி, கண்ணை மூடி, கழுத்தை மெல்ல இடது பக்கம் சாய்த்தாள், பிறகு வலது பக்கம். ஆஹா என்று வாய்விட்டுச் சொன்னாள்.

இன்னொரு தரம் இடது பக்கம் சாய்த்தாள்.

"யக்கா" என்றாள் பின்னால் கருப்பட்டிப் பெட்டியோடு நின்ற தாணம்மாள். "பூசை முடிஞ்சுதுன்னா நகரு. எனக்கும் இறக்கணும்."